லாப்லாந்தில் ரெயின்டீர் சவாரியும் பண்ணை வருகையும்: முன்பதிவு முதல் திரும்பும் வழி வரை

பின்லாந்தின் வடகோடியான லாப்லாந்தில், குளிர்காலத்தில் ரெயின்டீர் எனப்படும் துருவமான் பூட்டிய சறுக்குவண்டிச் சவாரி இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று, சுற்றுலாத் தலத்தின் வாசலிலேயே ஏற்றி, சில நூறு மீட்டர் வட்டமடித்துவிட்டு இறக்கிவிடுவது. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இன்னொன்று, மான் வளர்ப்பவரின் பண்ணைக்கே போவது. அவர் பூட்டித் தரும் வண்டியில் காட்டுக்குள் அரை மணியோ ஒரு மணியோ போய் வந்து, மானுக்குத் தீவனம் கொடுத்து, தீ மூட்டிய குடிலில் அவரோடு உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும், குளிரில் அதிக நேரம் உட்கார முடியாதவர்களுக்கும் முதலாவது போதும். மற்ற எல்லாருக்கும் நாங்கள் சொல்வது இரண்டாவதைத்தான். சவாரி மானின் நடைவேகத்தில்தான் போகும், அதில் விறுவிறுப்பு எதுவும் இருக்காது. வண்டியை இழுப்பது எப்படிப்பட்ட விலங்கு, அதை வைத்து ஒரு குடும்பம் எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தால்தான் அந்த மெதுவான நடை சுவைக்கும்.

எந்த மாதம் போகலாம்

சவாரிக்குக் கெட்டிப்பட்ட பனிப்பாதை வேண்டும். டிசம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் கடைசி வரை அது பெரும்பாலும் இருக்கும், நவம்பரில் உறுதியில்லை. டிசம்பர் 21 வாக்கில் லாப்லாந்தின் முக்கிய நகரமான ரொவனியெமியில் பகல் ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம்தான். இன்னும் வடக்கே இவாலோ, இனாரி பக்கம் டிசம்பர் தொடக்கம் முதல் ஜனவரி 10 வாக்கு வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. அதற்காக நாள் முழுக்கக் கும்மிருட்டு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீலமும் இளஞ்சிவப்புமாக ஒரு வெளிச்சம் வரும். டிசம்பர் சவாரியை அந்த நேரத்துக்குள் வருமாறு பதிவுசெய்யுங்கள். காலை பத்து மணிக்கு முன்னால் போனால் படம் எதுவும் தேறாது.

கிறிஸ்துமஸ் வாரத்தில் கூட்டம் மிக அதிகம். இடங்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும், குழுவும் பெரிதாக இருக்கும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும்தான் குளிர் உச்சம்: மைனஸ் 20 டிகிரி சாதாரணம், சில நாள் மைனஸ் 30-க்கும் கீழே போகும். பள்ளி விடுமுறையை ஒட்டித்தான் போயாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்களுக்கு மார்ச்தான் ஏற்ற மாதம். பனி ஆழமாக இருக்கும், வெயில் அடிக்கும், மாதக் கடைசியில் பகல் பதின்மூன்று மணி நேரம் ஆகிவிடும். பண்ணைக்காரருக்கும் உங்களிடம் பேச நேரம் இருக்கும். இனாரி ஏரியின் பனிப்பரப்பில் நடக்கும் பெரிய துருவமான் பந்தயமும் மார்ச் கடைசியை ஒட்டித்தான் வரும். பந்தய மான்கள் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும். அதைப் பார்த்துவிட்டு மறுநாள் பண்ணையில் வண்டி இழுக்கும் மானைப் பார்த்தால், பழக்கம் ஒரு விலங்கை எவ்வளவு மாற்றுகிறது என்பது விளங்கும். பிப்ரவரித் தொடக்கத்தில் போகிறவர்கள் ஸ்வீடன் பக்கம் யோக்மொக் குளிர்காலச் சந்தையையும் சேர்த்துக்கொள்ளலாம். 1605 முதல் நடந்துவரும் அந்தச் சந்தையில் துருவமான் ஊர்வலமும் உண்டு.

இரவுச் சவாரியை, வானில் திரைபோல அசையும் வட ஒளிக்காகவே (அரோரா) எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேகம் மூடியிருந்தால் ஒளி தெரியாது. யார் நினைத்தாலும் மேகத்தை விலக்க முடியாது. பண்ணையைப் பகலில் பார்த்துவிடுங்கள். இரவுச் சவாரியைத் தனியாக, வானிலை முன்னறிவிப்பைப் பார்த்துக் கடைசி நேரத்தில் எடுங்கள்.

பதிவுசெய்யும் முன் கேட்க வேண்டியவை

விளம்பரத்தில் “மூன்று மணி நேரம்” என்று இருந்தால் அதில் போக்குவரத்து, உடை மாற்றுவது, தேநீர் எல்லாம் அடக்கம். வண்டியில் உட்காரும் நேரம் எவ்வளவு, தூரம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான சவாரியை மூன்று மணி நேரச் சுற்றுலாவாக விற்பது சகஜம்.

ஒரு வண்டியில் இரண்டு பெரியவர்கள் உட்காரலாம். கூட ஒரு சின்னக் குழந்தையை ஏற்றலாமா என்பது பண்ணைக்குப் பண்ணை மாறும். எடை வரம்பு இருந்தால் கூச்சப்படாமல் உங்கள் எடையைச் சொல்லிவிடுங்கள். வலுவான மானைப் பூட்டவோ ஆளுக்கொரு வண்டி ஒதுக்கவோ அது உதவும். அங்கே போய் நின்றபின் மாற்றிப் பூட்டுவது அவர்களுக்கும் சிரமம், மானுக்கும் சிரமம். கர்ப்பிணிகள், முதுகுவலிக்காரர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பாதை எவ்வளவு மேடுபள்ளம் என்பதைப் பண்ணைக்காரர்தான் சரியாகச் சொல்வார்.

வயதான பெற்றோரை அழைத்துப் போகிறீர்களா? வண்டியின் இருக்கை பனியிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்தில்தான் இருக்கும். கால்களை நீட்டித் தரையில் உட்காருவது போலத்தான் உட்கார வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு உட்காருவதைவிட எழுவதுதான் பாடு. உயரமான இருக்கை வைத்த வண்டி உண்டா என்று கேளுங்கள், சில பண்ணைகளில் இருக்கிறது.

கடுங்குளிரிலோ திடீரெனப் பனி உருகினாலோ சவாரியை நிறுத்திவிடுவார்கள். எத்தனை டிகிரியில் நிறுத்துவார்கள், பணம் திரும்புமா, வேறு நாள் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த நிறுத்தம் பெரும்பாலும் நம்மை நினைத்துத்தான். மைனஸ் 30 மானுக்கு ஒரு பொருட்டே அல்ல. பூஜ்யத்துக்கு மேலே போனால்தான் அதற்குச் சிரமம்: பனி ஈரமாகி வண்டியின் சறுக்குக்கட்டையில் ஒட்டும், இழுக்கும் பாரம் கூடும், அடர்ந்த ரோமத்துக்குள் மானுக்கு வெப்பம் தாங்காது.

கடைசியாக ஒரு கேள்வி: “மான்கள் உங்களுடையவையா, மந்தை எங்கே மேய்கிறது?” உண்மையான மேய்ப்பர் என்றால் தன் மேய்ச்சல் சங்கத்தின் பெயரைச் சொல்லி, எந்தக் காட்டில் மந்தை இருக்கிறது, வண்டி மான்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓய்வெடுக்கின்றன என்று கடகடவென்று சொல்லிவிடுவார்.

உடை: ஓடுவதற்கு அல்ல, உட்காருவதற்கு

குளிர்நாட்டில் நடந்து பழகியவர்கள்கூட இங்கே ஏமாந்துபோவார்கள். நடந்தால் உடம்பு தானே சூடு உண்டாக்கிக்கொள்ளும். வண்டியில் அரை மணி நேரம் அசையாமல் உட்காரும்போது அந்தச் சூடு கிடையாது; மெல்லிய எதிர்காற்று வேறு. அதனால் நடைக்குத் தேவைப்படுவதைவிட ஒரு அடுக்கு கூடுதலாகப் போட வேண்டும்.

தோலை ஒட்டி மெரினோ கம்பளியிலோ செயற்கை இழையிலோ ஆன தெர்மல் உள்ளாடை, மேலும் கீழும். அதன் மேல் கம்பளி அல்லது ஃபிளீஸ். அதன் மேல் காற்றும் பனியும் புகாத கனமான ஓவரால். முதல் அடுக்கில் பருத்தி கூடவே கூடாது. பருத்தி பனியனும் காட்டன் சாக்ஸும் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, உட்கார்ந்த ஐந்தாம் நிமிடத்திலிருந்து உங்களைக் குளிரவைக்கும். ஜீன்ஸும் அப்படித்தான், அதன் மேல் ஓவரால் மாட்டினாலும் உள்ளே ஜில்லென்று ஒட்டிக்கொண்டே இருக்கும்.

ஓவராலும் பூட்ஸும் பல இடங்களில் வாடகைக்கோ கட்டணத்துக்குள்ளேயோ தருவார்கள். பூட்ஸை உங்கள் அளவைவிட ஒன்றிரண்டு எண் பெரிதாகக் கேட்டு வாங்குங்கள். உள்ளே விரல்களை மடக்கி நீட்ட இடம் இருக்க வேண்டும். குளிருகிறதே என்று மூன்று சாக்ஸைத் திணித்தால் இரத்த ஓட்டம் நின்று பாதம் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். ஒரு மெல்லியது, ஒரு தடித்த கம்பளி, போதும். கைக்கு விரல் பிரியாத கையுறைதான் சூடு தரும். உள்ளே மெல்லிய விரலுறை ஒன்று போட்டுக்கொண்டால் படம் எடுக்க மேலுறையை மட்டும் கழற்றலாம். தலைக்குக் காது மூடும் கம்பளிக் குல்லா, கழுத்துக்குக் குழாய் வடிவத் துணி. ஊரில் மார்கழிப் பனிக்கு மாட்டும் மங்கி குல்லாவை ஓவரால் தலைமூடிக்குள் போட்டுக்கொள்வதும் நல்ல யோசனைதான். நீளமான ஸ்கார்ஃப் வேண்டாம், தொங்கும் முனை சறுக்குக்கட்டைக்கு அடியில் சிக்கும்.

மூக்குத்தி, கம்மல் போன்ற உலோகங்களைக் கடுங்குளிர் நாளில் கழற்றிவிடுங்கள். உலோகம் தொடும் இடத்தில் தோல் சீக்கிரம் உறையும். தண்ணீர்ச் சத்துள்ள முகக் கிரீமைக் கிளம்பும் நேரத்தில் பூசாமல் முந்தின இரவே பூசிக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொள்வது அவசியம். மூக்கு நுனி, கன்னம், காது மடல்: இவைதான் முதலில் உறையும் இடங்கள். வெளிறிய தோலில் அது வெள்ளைத் திட்டாகத் தெரியும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். மாநிறத்திலும் கருநிறத்திலும் அது சாம்பல் பூத்தது போல, மெழுகு தடவியது போலத் தெரியும். தொட்டால் உணர்ச்சி குறைவாக இருக்கும். அப்படித் தெரிந்தால் வெறும் உள்ளங்கையை வைத்துச் சூடேற்றுங்கள். தேய்க்காதீர்கள், பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் கெடுதல். சில நிமிடத்தில் உணர்ச்சி திரும்பவில்லை என்றால் வழிகாட்டியிடம் சொல்லி உள்ளே போய்விட வேண்டும்.

இதையெல்லாம் மாட்டும் முன் கழிவறைக்குப் போய்விடுங்கள். ஓவரால், பூட்ஸ், கையுறை எல்லாவற்றையும் கழற்றி மாட்டப் பத்து நிமிடம் ஆகும், குழந்தை என்றால் இன்னும் கூட. பண்ணையின் கழிவறை வெளியே தனியாக, சூடேற்றாததாக இருக்கவும் கூடும்.

கைப்பேசியை ஓவராலுக்கு உள்ளே, உடம்பை ஒட்டிய பையில் வையுங்கள். குளிரில் பேட்டரி 60 சதவீதத்திலிருந்து சட்டென்று அணைந்துபோவது சாதாரணம். கேமராவை வெளியிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுபோகும் முன், வெளியிலேயே ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள். ஈரம் பையின் மேல் படியும், லென்ஸில் படியாது.

பண்ணையில்: மானைத் தெரிந்துகொள்ளுதல்

பின்லாந்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், சுமார் 36 சதவீதம், துருவமான் மேய்ச்சல் பகுதி. அது 54 மேய்ச்சல் சங்கங்களாகப் பிரிந்திருக்கிறது. வைத்திருக்கக்கூடிய மான்களின் மொத்த எண்ணிக்கைக்கு அரசு வைத்த வரம்பு 2,03,700. காட்டில் தனியே திரிவதாகத் தோன்றும் மானுக்கும் உரிமையாளர் உண்டு. கன்றாக இருக்கும்போதே கத்தியால் இரண்டு காது ஓரங்களிலும் வெட்டுக்குறி போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு உரிமையாளருக்கும் பதிவுசெய்த தனிக்குறி. மானின் காதை மேய்ப்பர் மெல்லத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். சின்னச் சின்னப் பிறைகளும் பிளவுகளுமாக, கையெழுத்து மாதிரி இருக்கும். தூரத்தில் ஓடும் மந்தையில் அந்தக் குறியை அவர்கள் அடையாளம் காண்பார்கள்.

வண்டி இழுப்பவை பெரும்பாலும் காயடித்த ஆண்கள், நம்மூர் வண்டிமாடு போலத்தான். காயடிக்காத ஆண் இலையுதிர்காலத்தில் மதம் பிடித்து, தீனி மறந்து, சண்டையிட்டு இளைத்துப்போகும். அதை நம்பி ஆளை ஏற்ற முடியாது. காயடித்ததற்கு உடம்பு குறையாது, குணமும் நிலையாக இருக்கும். இரண்டு, மூன்று வயதில் பழக்கத் தொடங்குவார்கள். முதலில் கயிற்றில் நிற்க, பிறகு ஆளோடு நடக்க, பிறகு வெறும் வண்டியை இழுக்க. கூட்டத்துக்கும் குழந்தைச் சத்தத்துக்கும் அசையாத மான் உருவாக ஆண்டுக்கணக்கில் ஆகும்.

துருவமானில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். வளர்ந்த ஆண்களுக்கு ஆண்டுக் கடைசியை ஒட்டி விழுந்துவிடும், காயடித்தவற்றுக்குக் குளிர்காலப் பின்பகுதியில், பெண்களுக்கு வசந்தத்தில் கன்று ஈனும் சமயத்தில். ஆகவே மார்ச்சில் போனால் ஒற்றைக் கொம்போடும் கொம்பே இல்லாமலும் மான்கள் நிற்கும். யாரோ அடித்து உடைத்துவிட்டார்கள் என்று பதற வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது வேறு: பட்டை படும் கழுத்திலும் தோளிலும் ரோமம் உதிர்ந்து புண்ணாகி இருக்கிறதா, வேலை முடிந்த மான் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கிறதா, தீனி எதிரில் இருக்கிறதா. நல்ல பண்ணையில் மான்கள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். புண்ணோடு ஒரு மானைப் பூட்டியிருந்தால் அதில் ஏற மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, சொல்லுங்கள்.

இது நாயோ குதிரையோ போலத் தடவலை விரும்பும் விலங்கல்ல. பாதி காட்டு விலங்கு. முகத்தையும் கொம்பையும் தொடாதீர்கள். பண்ணைக்காரர் சரி என்றால் தோளில் மெதுவாகக் கை வைக்கலாம். கையுறையைக் கழற்றிவிட்டு விரலை ரோமத்துக்குள் விட்டால், மேலே பனித்துகள் உருகாமல் கிடக்க, உள்ளே இளஞ்சூடு தெரியும். வெளி ரோமத்துக்குள் காற்று அடைபட்டிருப்பதால் உடல் வெப்பம் வெளியே கசிவதில்லை. கண்ணையும் பாருங்கள். கோடையில் பொன்னிறமாக மின்னும் விழியின் உட்படலம் குளிர்கால இருட்டில் அடர்நீலமாக மாறிவிடும். மங்கிய வெளிச்சத்தில் அதிக ஒளியைப் பிடிக்கத்தான் இந்த மாற்றம் என்று 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அதைப் பார்ப்பதற்காகக் கண்ணில் டார்ச் அடிக்காதீர்கள். ஃபிளாஷும் வேண்டாம்.

தீவனம் கொடுப்பது எல்லாருக்கும் பிடித்த பகுதி. லைக்கன் தருவார்கள்: பாறையிலும் தரையிலும் மரக்கிளையிலும் வளரும், வெளிர்சாம்பல் நிறத்தில் பஞ்சு போலிருக்கும் பொருள். துருவமானுக்கு இதைவிட உயர்ந்த தின்பண்டம் இல்லை. உலர்புல்லும் லைக்கனும் கலந்து வைத்தால் மூக்கால் துழாவி லைக்கனை மட்டும் பொறுக்கிவிடும். காட்டில் இது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், கொடுத்ததைக் கீழே சிந்தி மிதிக்காமல் பயன்படுத்துங்கள். இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து, உங்கள் இடுப்பு உயரத்தில் நீட்டி அசையாமல் நில்லுங்கள். அது வரும். மேல்தாடையில் முன்பல் கிடையாது, அதனால் கடிக்கும் என்ற பயம் வேண்டாம். உதட்டால் வழித்து எடுத்துக்கொள்ளும். ஆபத்து கொம்பில்தான். குனிந்து தின்கிற மான் சட்டென்று தலையை நிமிர்த்தினால் கொம்பு நுனி நேராக உங்கள் முகத்துக்கு வரும். குழந்தைக்குக் கண்ணுக்கு வரும். அதனால் தலைக்கு நேர்மேலே குனியாமல், ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று கையை நீட்டிக் கொடுங்கள். குழந்தையின் பின்னால் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். நீட்டிவிட்டுப் பின்னுக்கு இழுத்து விளையாட்டுக் காட்டினால் மான் கொம்பால் கேட்கத் தொடங்கும். ரொட்டி, பிஸ்கட், பழம் எதையும் பையிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள், அதன் இரைப்பைக்கு ஒத்துக்கொள்ளாது. காதைப் பின்னால் மடக்கித் தலையைத் தாழ்த்திக் கொம்பை முன்னால் காட்டினால், தீவனத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டடி பின்வாங்குங்கள்.

ஏறுவதும் போவதும்

வண்டிகளை வரிசையாகக் கட்டியிருப்பார்கள். முதல் மானை மேய்ப்பர் பிடித்திருப்பார். ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் அடுத்த மானின் தலைக்கயிறு கட்டியிருக்கும். இந்தக் கயிறுகளைத் தாண்டியோ குனிந்து நுழைந்தோ போகக் கூடாது. வரிசையைச் சுற்றிக்கொண்டு, சொல்லும் பக்கமாக வாருங்கள். மேய்ப்பர் கை காட்டியபின் விளிம்பில் முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே திருப்பி நீட்டுங்கள். நின்றபடி ஒரு காலை உள்ளே வைத்தால், மான் ஓரடி நகர்ந்தாலும் விழுவீர்கள். கனமானவர் பின்னால், இலகுவானவர் முன்னால், குழந்தை இருவருக்கும் நடுவில். மேலே தோலோ போர்வையோ போர்த்துவார்கள், காலுக்கு அடியில் செருகிவிடுங்கள். இருக்கையில் விரித்த மான்தோலிலிருந்து ரோமம் உடைந்து உடையெல்லாம் ஒட்டும். சொந்தக் கம்பளிக் கோட்டை இதற்குப் பாழாக்க வேண்டாம் என்பதும் வாடகை ஓவராலுக்கு ஒரு காரணம்.

கிளம்பும்போது ஒரு வெட்டு வெட்டும். அந்த நொடியில் கைப்பேசியைப் பிடித்திருக்காமல் பக்கச் சட்டத்தைப் பிடித்திருங்கள். முதல் சில நூறு மீட்டர் மான் உற்சாகமாகத் துள்ளி நடக்கும், பிறகு மனிதன் விரைந்து நடக்கும் வேகத்துக்கு அடங்கும். கை, கால், முழங்கை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். பாதை ஓரத்தில் மரமும் உறைந்த பனிக்கரையும் உரசிக்கொண்டு வரும். பின்னால் வரும் மானின் மூச்சு உங்கள் காதருகே கேட்டால் திரும்பிக் கத்தாதீர்கள். சரிவில் அது கொஞ்சம் நெருங்கி வரும், அவ்வளவுதான்.

பேச்சை நிறுத்திப் பாருங்கள். சறுக்குக்கட்டையின் சரசரப்புக்கு நடுவே ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். மானின் பாதத்தில் தசைநார் எலும்பின் மேல் வழுக்கி எழுப்பும் ஒலி அது. குளம்பைக் கவனித்தால் மண்ணில் நடக்கும் மானைவிட அகலமாக விரிவதும், பனியில் புதையாமல் மிதந்து நடப்பதும் தெரியும்.

ஓட்டப் பழக்கிவிடும் பண்ணைகளும் உண்டு. முடிந்தபின் விளையாட்டாக ஒரு ஓட்டுநர் உரிமமும் தருவார்கள். கையில் இருப்பது ஒற்றை வார்தான். அதைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், அதே சமயம் கைவிடவும் வேண்டாம். இழுத்துக்கொண்டே இருந்தால் மானுக்குக் குழப்பம். தளர்வாக விட்டு, தேவைப்படும்போது மட்டும் சைகை கொடுங்கள்.

இடையில் என்னென்ன நேரும்

மான் நின்றுவிடும். தாகத்துக்குப் பனியை நக்க, சிறுநீர் கழிக்க, சில சமயம் காரணமே இல்லாமல். மேய்ப்பர் பார்த்துக்கொள்வார். நீங்கள் வாயால் சத்தம் கொடுத்து விரட்டினால் வரிசையில் வேறொரு மான்தான் மிரளும். கயிறு காலில் சிக்கினாலும் இறங்காமல் கையை உயர்த்தி வழிகாட்டியைக் கூப்பிடுங்கள். பாதையை விட்டு இறங்கினால் இடுப்பளவு பனியில் புதைவீர்கள் என்பது இன்னொரு காரணம்.

வண்டி கவிழ்வது அரிது. படம் எடுக்க ஒருவர் ஒரு பக்கமாகச் சாய்வதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். கவிழ்ந்தால் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் உருண்டுவிடுங்கள். விழுவது பனியில்தான், மெதுவான வேகத்தில்தான். கால் மரத்துப்போவது மிகச் சாதாரணம். போகிற வழியெல்லாம் பூட்ஸுக்குள் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே வந்தால் தடுக்கலாம். குழந்தை சட்டென்று பேச்சை நிறுத்தித் தூங்கி வழிந்தால் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள், குளிர் ஏறியிருக்கலாம். வழிகாட்டியிடம் சொல்லுங்கள். ட்ரோன் பறக்கவிடவே கூடாது. தலைக்கு மேலே இரையும் பொருளைக் கண்டால் மந்தை வேலியை உடைத்துக்கொண்டு ஓடும்.

குடிலில் பேச்சும் சாப்பாடும்

சவாரி முடிந்ததும் ‘கோட்டா’ என்ற கூம்புக் குடிலில் தீயைச் சுற்றி உட்காரவைப்பார்கள். சூடான பெரிப்பழச் சாறு, காப்பி வரும். நன்றாகக் கேளுங்கள்: கோடையில் கன்றுகளுக்குக் குறி போடுவது, இலையுதிர்காலத்தில் மந்தையைத் திரட்டுவது, ஓநாயும் வால்வரீன் என்ற ஊனுண்ணி விலங்கும் அடித்துப்போட்ட மான்களுக்கு ஈட்டுத்தொகை, குளிர்கால மழை பனியின் மேல் உறைந்து லைக்கனை மூடிவிடும்போது தீவனத்துக்கு ஆகும் செலவு. கேட்கக் கூடாத ஒன்று: “உங்களிடம் எத்தனை மான்கள்?” வங்கிக் கணக்கில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்குச் சமம் அது.

லாப்லாந்தில் மான் வளர்க்கிறவர்கள் எல்லாரும் இந்த வடபகுதியின் பூர்வகுடிகளான சாமி (Sámi) மக்கள் அல்லர். பின்லாந்தில் பின்னிஷ் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக வளர்க்கின்றன. நார்வேயிலும் ஸ்வீடனிலும்தான் இது பெரும்பாலும் சாமி மக்களின் உரிமை. ரொவனியெமி சாமி தாயகப் பகுதிக்குள் வராது. இனாரி, உட்ஸ்யோக்கி, எனொந்தெகியோ, சொதன்கூலேயின் வடபகுதி ஆகியவைதான் வரும். சாமி உடையை வேடமாகப் போட்டுச் சுற்றுலாப் பயணிகளை ஈர்ப்பதைச் சாமி நாடாளுமன்றம் கண்டித்து, 2018-இல் சுற்றுலாவுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. சாமி வாழ்வைத் தெரிந்துகொள்ள விரும்பினால் இனாரியில் சாமி குடும்பம் நடத்தும் பண்ணைக்கும், அங்குள்ள சீடா அருங்காட்சியகத்துக்கும் போங்கள்.

சாப்பாட்டில் பெரும்பாலும் மான்கறிதான்: மெல்லியதாகச் சீவி வதக்கி, மசித்த உருளைக்கிழங்கும் லிங்கன்பெரி என்ற புளிப்பான சிவப்புப் பழமும் சேர்த்துத் தருவார்கள். இந்த மந்தைகள் வளர்க்கப்படுவதே முதன்மையாக இறைச்சிக்காகத்தான். குழந்தைகள் கேட்டால் அங்கே வைத்து மறைக்க வேண்டாம். தீயில் வாட்டும் தொத்திறைச்சியில் பன்றி இருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சைவர்கள் பதிவு செய்யும்போதே எழுதிவிட வேண்டும். “சைவம்” என்று மட்டும் சொன்னால் மீன் சூப் வரக்கூடும். இறைச்சி, மீன், முட்டை வேண்டாம் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். சுட்ட பாலாடைக்கட்டியை விலங்கு நொதி சேர்த்து உறையவைத்திருக்கலாம் என்பதையும் கண்டிப்பான சைவர்கள் கவனிக்க வேண்டும். முறுக்கோ தட்டையோ கொண்டுபோனால் மேய்ப்பருக்கும் கொடுங்கள், ஆனால் மானுக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

தோலோ கொம்போ வாங்க நினைத்தால், உங்கள் நாட்டுச் சுங்க விதியை வாங்கும் முன் பாருங்கள்.

வாடகைக் காரில் திரும்புகிறவர்களுக்கு

பின்லாந்துச் சாலைகளில் ஆண்டுக்குச் சுமார் 4,000 துருவமான்கள் அடிபட்டு இறக்கின்றன. ஆழமான பனியைவிட உழுது சுத்தம் செய்த சாலையில் நடப்பது அவற்றுக்கு எளிது. ஒன்று குறுக்கே வந்தால் பின்னால் இன்னும் வரும் என்று வைத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். ஹார்ன் அடித்தால் காருக்கு முன்னாலேயே சாலை நெடுக ஓடும். நின்று காத்திருந்தால் சில நிமிடத்தில் காட்டுக்குள் இறங்கிவிடும். ஸ்வீடன் பக்கம் சாலையோரக் கம்பத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தால், பக்கத்தில் மந்தை இருக்கிறது என்று மேய்ப்பர் வைத்த எச்சரிக்கை அது. மானின் மேல் மோதிவிட்டால், அது எழுந்து ஓடிப்போனாலும், 112-க்கு அழைத்து இடத்தைச் சொல்லிவிடுங்கள். காயம்பட்ட மான் காட்டில் கிடந்து சாகாமல் இருக்கவும், உரிமையாளருக்குச் செய்தி போய் ஈட்டுத்தொகை கிடைக்கவும் அந்த அழைப்பு தேவை.